எறும்புக்கு முதலில் தெரிந்தது

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு எறும்பு வருவதற்கு நான் பல வருடங்களாகப் பழத்தோல் குழியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காப்பிப் பழத்தை மிஷினில் விட்டுக் கொட்டையைப் பிரித்தெடுத்த பிறகு சிவப்புத் தோல் மிஞ்சும். அதைக் கொட்டுகிற குழி எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் இருக்கிறது. தித்திப்பும் புளிப்புமாக ஒரு வாடை எழும்பும். ஈ, எறும்பு, குளவி எல்லாம் கல்யாணப் பந்திக்கு வந்த மாதிரி கூடிவிடும். காப்பி எஸ்டேட்டில் குடியிருந்துகொண்டு எறும்பு எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசிப்பார்களா? நான் யோசிக்கவில்லை. கோபம்தான் பட்டேன். பொடி போட்டேன், மஞ்சள் தூவினேன், மூலையிலிருந்த ஓட்டையை மூன்று தடவை சிமெண்ட் வைத்து அடைத்தேன். சீசன் முடிந்து குழி காய்ந்து கிடக்கும் சித்திரை மாதத்திலும் அவை வரிசை கட்டி வந்தன. அப்போது பலாப்பழத்தின் மேல் பழியைப் போட்டேன்.

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் உள்ள அந்த எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை வாட்ச்மேன் அடிப்பார். சத்தம் கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். நான் மஸ்டர் என்கிற வருகைப் புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிட்டு, யார் எந்த பிளாக், யாருக்குப் பழம் பறிப்பு, யாருக்கு மிளகுக்கொடி கட்டு என்று சொல்லி அனுப்ப வேண்டும். நான் வாயைத் திறக்காவிட்டால் ஐம்பது பேரும் அரிவாளும் கூடையுமாக நின்றுகொண்டே இருப்பார்கள். இந்த மலையில் பெண் ரைட்டர் அதிகம் இல்லை. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் சர்க்கரை வந்தது. அப்போது நான் இன்னும் ஒல்லி. இத்தனை சின்ன வயசில் வந்தால் அது ஊசி போட்டே ஆக வேண்டிய சர்க்கரைதான், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லெல்லாம் செத்துப்போயிருக்கும் என்று சேலத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து இருபத்து மூன்று வருடம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மொத்தம் எத்தனை குத்து என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை, பார்த்தால் அன்றைக்கு யாரையாவது திட்டிவிடுவேன்.

என் வயிற்றில் குத்திக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. என் அப்பாவுக்கும் சின்ன வயசிலேயே சர்க்கரை. அப்பாவின் அக்காவுக்கும் அப்படியே. எனக்கு ஒரே மகள், இப்போது பதினாறு வயது. அவளுக்கும் வந்துவிடுமோ, அந்தப் பிள்ளையும் ஆயுசு முழுக்க ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமோ என்ற பயம் என்னை விட்டதே இல்லை. அவளுக்கு ஒன்பது வயது ஆனதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒண்ணாந்தேதி காலையில் என் சர்க்கரை பார்க்கும் மிஷினில் அவள் விரலைக் குத்திப் பார்ப்பேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நீட்டுவாள். எண்பத்தெட்டு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றொன்று என்று வரும். அப்பாடா என்று அடுத்த ஒண்ணாந்தேதி வரைக்கும் மூச்சு விடுவேன். அவளும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். வீட்டில் இனிப்புக்குத் தடை. டவுன் ஏரிக்குப் பக்கத்து ஹோட்டலில் சமையல்காரராக இருக்கும் என் வீட்டுக்காரர் அங்கே மைசூர்பாகு கிண்டிவிட்டுக் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் தேவலாம் என்பார் மனுஷன்.

போன வருடம் சேலத்தில் நான் வழக்கமாகக் காட்டும் இடத்தில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோப்பைப் புரட்டிக்கொண்டே, எப்போதாவது ஊசியை விட்டிருக்கிறேனா என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டது. கரண்ட் இல்லை, கையிலிருந்த இன்சுலின் தீர்ந்துவிட்டது. மூன்று நாள் ஊசியே இல்லை. சர்க்கரை ஏறியதுதான், ஆனால் நான் படுக்கவில்லை. மூன்று நாளும் மஸ்டர் எடுத்தேன். எல்லாம் சேர்வராயன் சாமி புண்ணியம். பாதை திறந்ததும் கோயிலுக்கு நடந்தே போய் மூன்று தேங்காய் உடைத்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

சாமி காப்பாற்றியதைப் பற்றித் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அந்தச் செல்லெல்லாம் உண்மையிலேயே செத்திருந்தால் மூன்று நாளில் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்றார். அப்பாவைப் பற்றிக் கேட்டார், அத்தையைப் பற்றிக் கேட்டார், எல்லாரும் ஒல்லியா என்று கேட்டார். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அடுத்த வாரம் முடிவு வந்தது. என் கணையம் இருபத்து மூன்று வருடம் கழித்தும் சொந்தமாக இன்சுலின் செய்துகொண்டுதான் இருக்கிறதாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டதே என்று அங்கேயே கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். இன்னொரு குழாய் ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பலாம், திட்டுவதை முடிவு வந்த பிறகு சேர்த்துத் திட்டலாம் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

முடிவு வரச் சில வாரம் ஆயிற்று. நான் மட்டும் போயிருந்தேன். கோளாறு இருந்த ஜீனுக்கு ஆங்கில எழுத்தும் நம்பருமாக லாரிக்கு எழுதியிருப்பது போல் ஒரு பெயர். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அந்த ஜீன் இன்சுலினைச் செய்வதில்லை. மற்ற ஜீன்களில் எது எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலையாம். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம்தான், எந்தச் செல்லில் எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும் என்பதற்கு இப்படிச் சில பேர் இருக்கிறார்கள் என்று அவர் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் படமே வேண்டியிருக்கவில்லை.

“அது ரைட்டர் வேலைங்க” என்றேன். “ஆளு இருக்குது, கூடை இருக்குது, பேரு கூப்புடறவங்க சரியில்ல. அப்படித்தானுங்களே?”

அப்படியேதான் என்று சிரித்தார். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று எல்லாருக்கும் இரண்டு பிரதி உண்டு. எனக்கு ஒன்று சரி, ஒன்று கோளாறு. அதனால் கணையத்தின் அந்தச் செல்லில் வேலை பாதிதான் நடக்கிறது. சாப்பிட்ட சர்க்கரை உள்ளே வந்து எரிந்து, அந்தச் சூட்டில்தான் இன்சுலின் மூட்டைகள் வெளியே போகக் கதவு திறக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஆள் குறைச்சல். மூட்டை உள்ளே கட்டிக் கிடக்கிறது, கதவு திறப்பதில்லை. இந்த வகைக்கு ஒரு பழைய சின்ன மாத்திரை கேட்கும், அது நேரே கதவடிக்குப் போய்த் திறந்துவிடும் என்றார். ரைட்டர் லீவு போட்ட நாளில் வாட்ச்மேன் தண்டவாளத்தை அடித்து, அவரே ஆட்களைப் பிளாக்குக்கு அனுப்பிவிடுவாரே, அதுதான் என்று எனக்குப் பிடிபட்டது.

எழுந்துகொள்ளப் போகும் நேரத்தில்தான் அவர் அதைக் கேட்டார். வீட்டில் சின்னவர்கள் யாராவது மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்ததுண்டா?

பழத்தோல் குழியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அதே ரைட்டர் ஜீனுக்குச் சிறுநீரகத்திலும் வேலை உண்டாம். மூத்திரத்தோடு போகிற சர்க்கரையை மறித்துத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்பும் ஆட்களை அங்கே அனுப்புவதும் அதுதானாம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அங்கேயும் ஆள் குறைவதால், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே மூத்திரத்தில் இறங்க ஆரம்பித்துவிடும். விரலில் குத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

என் மகள் பாயை நனைத்துக்கொண்டிருந்த வயதில் காலையில் பாயைத் தூக்கினால் எறும்பு வரிசையாகப் போகும். நீங்கள்தான் ஹோட்டல் லட்டைக் கொண்டுவந்து பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரை ஒரு பாடு திட்டினேன். சத்தியமா இல்லை புள்ள என்று அவர் தலையில் அடித்துச் சொன்னதை நான் நம்பவில்லை. பதினோரு வருடம் கழித்து அந்த மேஜைக்கு முன்னால் நம்பினேன். ஏழு வருடமாக ஒண்ணாந்தேதி தவறாமல் குத்திப் பார்த்து நான் தேடிக்கொண்டிருந்தது, பின்பக்கம் வழியாக வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினேன். ரத்தத்தில் தொண்ணூற்றிரண்டு. மூத்திரத்தில் நனைத்த சோதனைப் பட்டையோ சர்க்கரை இருக்கிறது என்று கருத்துக் காட்டியது. ரத்தம் ஜீன் பரிசோதனைக்குப் போயிற்று. அவளுக்கும் அதே இடத்தில் அதே எழுத்து மாறியிருந்தது. இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, சில வருடத்தில் வரலாம், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா. மகள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் நேராகவே கேட்டேன்.

“எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டுமுங்க. அவளுக்கு ஊசி வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்டா அவளுக்கும் கேட்கும்னு நம்பலாம்” என்றார். “ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துதானே மாறியிருக்கு. மொதல்ல உங்ககிட்ட பார்ப்போம்.”

அப்போதுதான் எனக்கு உண்மையான பரீட்சை வந்தது. என் ஊசியை நிறுத்துவதற்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் என் சர்க்கரைக்காக நான் அந்த மாத்திரையை எடுக்கவில்லை. எனக்குக் கேட்டால் அவள் தப்பித்தாள். எனக்குக் கேட்காவிட்டால்? அதை நான் நினைக்கவே மறுத்துவிட்டேன். கால் மாத்திரை காலையில், சாப்பாடு எப்போதும் போல, ஒரு நாளைக்கு ஆறு தடவை குத்திப் பார்த்து டாக்டரம்மாவுக்குப் போனில் அனுப்ப வேண்டும். சாப்பிடாமல் மட்டும் இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஆகட்டுமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாத்திரையை நாலாக உடைத்தால் ஒரு துண்டு மிளகளவு கூட இல்லை. இதுவா இருபத்து மூன்று வருட ஊசிக்குப் பதில் என்று சிரிப்பு வந்தது. முதல் நாள் இருநூற்றுப் பத்து காட்டியது. இரண்டாம் நாள் காலையில் நூற்றுத் தொண்ணூறு. கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதானே ஊசி நின்றிருக்கிறது என்று டாக்டரம்மா பதில் போட்டார். எனக்கா பொறுமை? அன்று ராத்திரி ராகிக்களியில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டு மஸ்டருக்குப் போனேன். சாப்பிடாமல் இருந்தால் எண் இறங்கும், எண் இறங்கினால் மாத்திரை கேட்டது என்று ஆகிவிடும், மாத்திரை கேட்டது என்று ஆகிவிட்டால் என் மகளுக்கு ஊசி இல்லை. இப்படி ஒரு திருட்டுக் கணக்கை நாற்பத்திரண்டு வயசில், படித்தவள் என்று பேர் வாங்கியவள், போட்டேன். பிட் அடிக்கிறவன் கூட வாத்தியாரைத்தான் ஏமாற்றுவான், நான் என்னையே ஏமாற்றினேன். சர்க்கரை சட்டென்று இறங்கினால் வாயில் போட, சேலைக்கு மேல் மாட்டும் சட்டையின் பையில் எப்போதும் இருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தையும் எடுத்துப் போகவில்லை. ஊசிதான் ஆளைக் கவிழ்க்கும், இந்த மிளகளவு துண்டு என்ன செய்துவிடும் என்ற மிதப்பு.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா? முதல் பத்துப் பேரைச் சரியாகத்தான் கூப்பிட்டேன். பிறகு எழுத்து தாண்டித் தாண்டிப் போக ஆரம்பித்தது. வந்தவர்களையெல்லாம் மூன்றாம் பிளாக்குக்குப் போகச் சொன்னேனாம். மிளகுக்காரர்கள், பழம் பறிக்கிறவர்கள், டிராக்டர் டிரைவர் எல்லாரையும். டிராக்டர் அந்தச் சரிவில் ஏறாது. ரைட்டரம்மா இன்னைக்குத் தமாஷா இருக்காங்க என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். எனக்கு முதுகில் வேர்வை வழிந்தது, கை ஆடியது, எதிரே நிற்கிறவர்கள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. எரிச்சல் எனக்கு எப்போதும் வருவதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸுக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்த என் மகள்தான் கண்டுபிடித்தாள். ரோட்டைத் தாண்டி ஓடி வந்து என்னைப் படியில் உட்கார வைத்தாள். ஸ்கூல் பையைத் திறந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் அடியில் காகிதத்தில் சுற்றி நாலு தேன் மிட்டாய். ஒன்றை என் வாயில் திணித்தாள், மென்று தின்னச் சொன்னாள், இன்னொன்றைத் திணித்தாள், பிறகு மூன்றாவதையும். பாகு நாக்கில் பட்டு உள்ளே இறங்க இறங்கத் தலைக்குள் வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வந்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, இந்தக் கழுதை எத்தனை நாளாக மிட்டாய் திருடித் தின்கிறது என்பதுதான். கேட்க வாயெடுத்தேன். வாய் நிறைய அவள் மிட்டாய்.

மூன்று மிட்டாய்க்குப் பிறகும் மிஷினில் ஐம்பத்தெட்டுதான் காட்டியது. வாட்ச்மேன் ஆட்களை அவரவர் பிளாக்குக்குத் திருப்பி அனுப்பினார். அவள் பஸ்ஸை விட்டுவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள், மூடி வைத்திருந்த இட்லியைத் திறந்து பார்த்தாள்.

“ராத்திரியும் பாதிக்களிதான் தின்ன. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள். “பட்டினி கெடந்து வாங்குற மார்க்கு செல்லாதும்மா. சாப்புட்டு வாங்கு.”

இட்லியைத் தின்றேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னதும் அவரும் ஆட்களை மேய்க்கும் எஸ்டேட் கண்டக்டர் மாதிரி ஒரு டோஸ் விட்டார். விட்டு முடித்துவிட்டு, கால் மாத்திரைக்கே இந்த அளவு இறங்கியிருக்கிறது, அதனால் சந்தோஷமாகவும் இருக்கிறது என்றார். இனி அதிலும் பாதி, அரைக்கால் மாத்திரைதான், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிற எண்தான் எண் என்றார். மகள் சொன்னதையே இவரும் சொன்னார், இவர் கொஞ்சம் படித்த தமிழில் சொன்னார்.

அன்று மதியம் அவள்தான் சமைத்தாள். சோறு, அரசாணிக்காய் குழம்பு, ஒரு பொரியல். எப்போதும் சாப்பிடும் அளவு வட்டிலில் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடவில்லை. பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மூட்டம் இறங்கிச் சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. மத்தியானக் காப்பி குடிக்க எனக்குக் கை பரபரத்தது, அதற்கும் விடவில்லை.

நேரம் ஆனதும் நான் மிஷினை எடுக்கப் போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். என் விரலை அவளே துடைத்து, அவளே குத்தினாள். இத்தனை வருடத்தில் வீட்டில் என்னைத் தவிர யாரும் என் விரலைக் குத்தியதில்லை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை, அந்த எண்ணை என்னால் பார்க்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. மிஷின் கீச்சென்றது. நான் எத்தனை என்று கேட்டேன்.

நூற்று நாற்பத்தொன்று.

வட்டில் நிறையச் சோறு தின்று, ஊசி நிறுத்தி மூன்றாம் நாள், நூற்று நாற்பத்தொன்று. ஊசி போட்ட காலத்திலேயே சாப்பிட்ட பிறகு எனக்கு அப்படி ஒரு எண் வந்தது அபூர்வம். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மிஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா,” என்றாள். “அப்ப எனக்கும் ஊசி வேண்டாமா?”

ஏழு வருடமாக ஒண்ணாந்தேதி தவறாமல் விரலை நீட்டியவள். ஒரு தடவை கூட ஏன் என்றோ எத்தனை என்றோ கேட்டதில்லை. பிள்ளைக்கு எதுவும் உறைக்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று, பயம் என்னோடு இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, டாக்டரம்மாவிடம் நான் தனியாகக் கேட்டது உட்பட. என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறாள், கேட்டால் நான் பயந்துவிடுவேன் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஐம்பது பேருக்குக் கேட்கிற குரலில் திட்டத் தெரிந்த எனக்கு என் வீட்டுக்குள் இது தெரியவில்லை.

“நொம்ப வருசத்துக்கு வேண்டாஞ்சாமி” என்றேன். பத்தொன்பது வயதில் முதல் ஊசி போட்ட அன்று கூட நான் அழவில்லை. அன்று அழுதேன்.

அவள் மிஷினை மேஜை மேல் வைத்துவிட்டு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். மிச்சமிருந்த ஒரே தேன் மிட்டாயை எடுத்துப் பாதியைக் கடித்துத் தின்றாள். மீதிப் பாதியை எனக்குக் கொடுத்தாள், நான் வாங்கித் தின்றேன்.